தள்ளாடலாம், விழக்கூடாது: எம்.எஸ். உள்ளவர்களுக்கு வீடியோ வழியே சமநிலைப் பயிற்சி

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போனாலும் திருச்சிக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்களே, அது உள்ள ஒருவர் சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் போய், பிசியோதெரபி அறையில் அரைமணி நேரம் பயிற்சி செய்துவிட்டு அதே வழியே திரும்பினால் அன்றைக்கும் மறுநாளைக்கும் படுக்கைதான். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் செய்ய வேண்டியது மாதத்துக்கு ஒரு முறை ஆகிவிடும். மாதம் ஒருமுறை செய்யும் சமநிலைப் பயிற்சியால் பலன் கிடையாது.

அதனால்தான் வீடியோ கால் வழியே செய்யும் பயிற்சி இந்தப் பக்கத்துக்கு அவ்வளவு பொருந்துகிறது. நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்களோடு செல்போன் திரையில் வேலை செய்யும்போது தேவைப்படுகிறவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். டாக்டரும் நேரில் பார்த்த பிசியோவும் சரி என்று சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது

நாம் நேராக நிற்க மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். மூளை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தசையை எப்போது இறுக்குவது என்று முடிவு செய்கிறது. எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்கிவிடுகிறது. உறை போன நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், சில இடத்தில் போகவே போகாது. பாதத்திலிருந்து மூளைக்குத்தான் வழி நீளம், ஆகவே தாமதமும் அங்கேதான் அதிகம். உடம்பு சாய ஆரம்பித்த செய்தி, சாய்ந்து முடிந்த பிறகு போய்ச் சேர்கிறது.

"பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டு போனதே தெரியல" என்று சொல்கிறவர்களுக்குப் பாதத்தின் கணக்கு குறைந்துவிட்டது. அவர்கள் கண்ணை வைத்தே நிற்கிறார்கள். ராத்திரி கரண்ட் போனாலும், சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினாலும் ஆட்டம் காண்பது அதனால்தான். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண் திறந்திருந்தாலும் ஆட்டம் இருக்கும். தலையைத் திருப்பும்போது மட்டும் கிறுகிறுக்கிறது என்றால் அது வேறு கணக்கு. மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. யூடியூபில் 'பேலன்ஸ் பயிற்சி' என்று தேடி எடுத்ததை எல்லாரும் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

விழுவது அபூர்வமான விஷயமில்லை. ஆஸ்திரேலியா, சுவீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் எம்.எஸ். உள்ள 537 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று மாதத்துக்குள் 56 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். அதற்காக உட்கார்ந்தே இருப்பது வழியல்ல. எம்.எஸ். வந்தவர் உடம்பை அலட்டக் கூடாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். 1996-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 15 வாரம் நடந்த உடற்பயிற்சி ஆய்வு வந்த பிறகு அந்தப் பேச்சு மாற ஆரம்பித்தது. நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. "நீ உக்காரு ஆத்தா, நாங்க எடுத்துத் தாரோம்" என்று பாசத்தில் சொல்வதாலேயே கால் இன்னும் பலவீனமாகிறது.

முதல் படி: ஒரு தடவையாவது நேரில்

முதல் பரிசோதனையை வீடியோவில் முடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதத்தில் உணர்வு எவ்வளவு, தசை இறுக்கம் எவ்வளவு, கண் அசைவு எப்படி என்பதைத் தொட்டும் கிட்ட இருந்தும்தான் பார்க்க முடியும். நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளிலேயே பிசியோவையும் பார்த்துவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம். 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் கொடுக்கும் பெர்க் சமநிலை அளவுகோலை அங்கேயே செய்து, எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிமானம் இருந்தும் நிற்க முடியாதவர், சொல்வதைப் பின்பற்ற முடியாத அளவுக்கு மறதி உள்ளவர், இப்போது ரிலாப்ஸில், அதாவது நோய் திடீரென்று மீண்டும் தீவிரமான நிலையில் இருப்பவர், பயிற்சி நேரத்தில் வீட்டில் துணைக்கு ஆளே இல்லாதவர் ஆகியோருக்கு நின்றபடி செய்யும் வீடியோ பயிற்சி வேண்டாம். உட்கார்ந்து செய்பவை வரைக்கும் போகலாம்.

இரண்டாம் படி: வீட்டில் எந்த இடம்

செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா இடமும் பயிற்சிக்கு ஆகாது. முற்றத்தை ஒட்டிய கல் ஓரம் வேண்டாம். மழையில் ஈரம், வெயிலில் சூடு, போதாததற்கு ஒரு இறக்கம் வேறு. முகப்பு அகலமாக இருக்கும், ஆனால் தூண்களுக்கு நடுவே பிடிக்க ஒன்றும் இல்லை. ஊஞ்சல் கிட்டவே கூடாது, அதைப் பிடித்தால் அதுவும் சேர்ந்து நகரும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், இரண்டு சுவர் சந்திக்கும் மூலைதான் நல்ல இடம். மூலைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னால் கனமான மர நாற்காலி ஒன்றின் முதுகுப்பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி போட்டுக்கொண்டால், நாலு பக்கமும் காப்பு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்தால் அதுவும் சாயும்.

ஆத்தங்குடி கல் பதித்த தரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்திருந்தால் அதில் நடக்கத் தொந்தரவில்லை. ஈரம் பட்டாலோ, பளபளப்புக்காக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாலோ கால் நிற்காது. வீடு துடைத்துக் காயும் வரை பயிற்சி தொடங்காதீர்கள். பூவேலை நெருக்கமாக உள்ள தரை, கண்ணை நம்பி நிற்பவர்களுக்கு உருளுகிற மாதிரித் தோன்றும். ஒரே நிறத்து ஓரக்கல் பதித்த பகுதி இருந்தால் ஆரம்பத்தில் அங்கே நில்லுங்கள். பின்னால் அதே கல் உதவிக்கும் வரும். இரண்டு கல் சேரும் கோடு, நேர்கோட்டில் நடக்கக் கைவசம் இருக்கும் அளவுகோல்.

காலில் வெறும் சாக்ஸ் மட்டும் எப்போதும் கூடாது. பாதத்தில் உணர்வு நன்றாக இருந்தால் வெறுங்கால் நல்லது. மரத்துப் போயிருந்தால் பின்பக்கம் மூடிய, அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஷூ.

மூன்றாம் படி: போனை வைக்கும் இடம்

திரையில் எனக்குப் பாதம் தெரிய வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போனை இடுப்பு உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளி, நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். முன்னும் பின்னும் சாய்வது நேரெதிரில் வைத்தால் தெரியாது. முற்ற வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் ஆள் வெறும் நிழலாகத்தான் தெரிவார், வெளிச்சம் முகத்தில் படும்படி திரும்பி நில்லுங்கள்.

பழைய வீடுகளின் தடித்த சுவருக்குள் சிக்னல் நுழையாது. வைஃபை பெட்டி முகப்பில் இருந்தால் இரண்டாம் கட்டுக்கு வந்து சேராது. எந்த இடத்தில் படம் விட்டு விட்டு வருகிறது என்று முந்தின நாளே நடந்து பார்த்துவிடுங்கள். வீடியோ இணைப்பு துண்டானால் செய்து கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும், பிசியோ சாதாரண போன் காலில் கூப்பிடுவார் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். வீட்டு விலாசம், பக்கத்து வீட்டு நம்பர் இரண்டும் பிசியோவிடம் இருக்கட்டும். 108-க்கு நான் இங்கிருந்து கூப்பிட்டால் எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லத் தெரிய வேண்டுமே.

நான்காம் படி: கூட நிற்பவர்

இந்தப் பயிற்சியில் திரையில் இருக்கும் என்னைவிட முக்கியமானவர் பக்கத்தில் நிற்பவர். பெரும்பாலும் அது ஆச்சிதான், இல்லையென்றால் அக்காளோ மகனோ. நான் அடிக்கடி சொல்ல வேண்டி வருவது இதைத்தான்: "ஆச்சி, கையைப் பிடிக்காதீங்க. பின்னாடி, அந்த இடது பக்கமா நில்லுங்க. உங்க கை அவங்க இடுப்புக்குப் பக்கத்துல இருக்கட்டும், தொட வேண்டாம்."

பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடலாம், இருவரும் சேர்ந்து விழவும் கூடும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டியிருந்தால் அதைப் பிடிப்பதே சரி. விழுவது உறுதி என்று தெரிந்துவிட்டால் தூக்க முயலாமல், உடம்போடு சேர்த்து அணைத்து மெதுவாகத் தரையில் இறக்குங்கள்.

இன்னொன்று. கொஞ்சம் ஆடியவுடன் பிடித்துவிடக் கூடாது. இந்தப் பயிற்சி முழுதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆடாமல் செய்ய முடிகிற பயிற்சி சமநிலையை வளர்க்காது. ஆடி, தானாகவே திரும்ப நிலைக்கு வரும் அந்த நொடியில்தான் மூளை கற்றுக்கொள்கிறது. பத்துத் தடவையில் ஒன்றிரண்டு முறை சுவரையோ நாற்காலியையோ தொட வேண்டி வந்தால் கடினம் சரியாக இருக்கிறது. ஒரு முறையும் தொடவில்லை என்றால் எளிது, மேலே போகலாம். ஐந்தாறு முறை தொட்டால் அதிகம், ஒரு படி இறங்க வேண்டும். இந்தக் கணக்கு நான் கையாள்வது. ஒவ்வொரு பிசியோவும் தமக்கென்று ஒன்று வைத்திருப்பார், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தொடங்கும் முன் அளந்து வைப்பது

மூலையில் நின்று நான்கு நிலைகள்: கால்களைச் சேர்த்து வைத்து, ஒரு குதிகால் மறு பாதத்தின் பெருவிரல் பக்கம் ஒட்டியபடி, குதிகாலும் விரலும் ஒரே கோட்டில், ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடி, 30 தான் மேல் எல்லை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரம். மூன்று மீட்டரைத் தரையில் ஒரு தடவை டேப் வைத்து அளந்து, எந்தக் கல் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நாலு வாரம் கழித்து உங்களுடைய எண்ணோடு மட்டும். கூடவே ஒரு நோட்டில், விழுந்த நாள், இடம், நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று எழுதுங்கள். விழப்போய்த் தப்பித்ததையும் எழுத வேண்டும். இந்த நோட்டைப் படித்தால் பயிற்சியை எதில் குவிப்பது என்று அதுவே சொல்லிவிடும். சாயங்காலம் அடுப்படிக்குப் போகும் நிலைப்படியிலேயே மூன்று முறை தடுக்கியிருந்தால், ஒற்றைக் காலில் நிற்பதைவிடப் படி தாண்டுவதுதான் முதல் வேலை.

ஆறாம் படி: பயிற்சிகள்

வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், இடையிடையே உட்கார்ந்து ஓய்வெடுத்து 20 முதல் 30 நிமிடம். இதில் வாரம் ஒன்றோ இரண்டோ வீடியோவில் பிசியோவுடன், மற்றவை துணையாளருடன். மொத்தமாக முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து தொடங்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, முன்னாலும் பக்கவாட்டிலும் எட்டி ஒரு டம்ளரை எடுத்து வைப்பது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது, ஐந்து முதல் பத்து முறை. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலை.

நின்று செய்வதில் மாற்ற மூன்று திருகுகள் உண்டு: கால்களின் அகலம், கண், தரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கால் சேர்த்துக் கண் திறந்து 30 வினாடி நிற்க முடிந்தால், அடுத்து அதே நிலையில் கண் மூடி. அதுவும் வந்தால் கண்ணைத் திறந்து, மடித்த யோகா பாயின் மேல். பாயின் மேல் கண் மூடி நிற்பது எல்லாவற்றிலும் கடினம், பல பேர் அங்கே போகவே தேவையில்லை. பாதத்தில் உணர்வு அறவே இல்லாதவருக்கு மெத்து மெத்தென்ற பாய் ஒன்றையும் கற்றுத் தராது, பயம்தான் மிஞ்சும். கண்ணை மூடும் பயிற்சி எதுவானாலும் மூலையை விட்டு வெளியே செய்யாதீர்கள்.

கால் சொன்ன இடத்துக்குப் போகாமல் தடுமாறுகிறவர்களுக்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஹைன்ரிக் ஃபிரெங்கல் என்ற சுவிஸ் டாக்டர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேறொரு தண்டுவட நோய்க்காக வகுத்தது. உட்கார்ந்தபடி, தரையில் குறித்த புள்ளியில் குதிகாலை மெதுவாக வைத்து எடுப்பது, கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே. வேகம் கூடாது, குறி தப்பக் கூடாது. பூக்கல்லின் நடுப்பொட்டு இதற்கென்றே போட்டது போல இருக்கும்.

தலை திருப்பினால் கிறுகிறுக்கிறவர்கள், காலண்டரில் ஒரு எழுத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் அரை நிமிடம் அசைக்க வேண்டும். எழுத்து கலங்கக் கூடாது, கலங்கினால் வேகத்தைக் குறையுங்கள். உட்கார்ந்து சரியாக வந்த பிறகு நின்று. பொருள் இரண்டாகத் தெரிகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

நடையில், சுவரோரமாகப் பக்கவாட்டில் நடப்பது, கல்லின் கோட்டின்மேல் குதிகால்-விரல் நடை, எட்டு வடிவில் திரும்புவது. விழுவது பெரும்பாலும் நேரே நடக்கும்போது இல்லை, திரும்பும்போதுதான். ஒரே காலை ஊன்றிச் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பப் பழகுங்கள்.

நிலைப்படி தாண்டுவதைப் படிப்படியாக ஏற்றலாம். தரையில் மடித்த செய்தித்தாள், அப்புறம் ஒரு செங்கல் உயரம், கடைசியில் வீட்டின் நிலை. நம் வழக்கப்படி நிலையை மிதிக்க மாட்டோம், தாண்டித்தான் போவோம். அப்போது முன்கால் கண்ணுக்குத் தெரியும், பின்னால் வரும் கால் தெரியாது. இடிப்பது அதுதான். எந்தக் காலை முதலில் வைப்பது என்று பிசியோ பார்த்துச் சொல்லட்டும், ஒரு கை மரச்சட்டத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் கைவந்த பிறகு மனதுக்கும் ஒரு வேலை. நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னால் பல பேருக்கு எரிச்சல் வரும். நான் நகரத்தார் கோயில் ஒன்பதையும் சொல்லச் சொல்வேன்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. முன்னிருந்து சொல்லும்போது நடை மாறாது, மனப்பாடம். கடைசியிலிருந்து சொல்லச் சொன்னால் கால் நின்றுவிடும். பேசிக்கொண்டு நடக்கும்போது என்ன ஆகிறது என்று அப்போதுதான் வீட்டாருக்கே புரியும்.

வெயில், களைப்பு

உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே, உறை போன நரம்பில் செய்தி இன்னும் தடுமாறும். 1890-ல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர், உடம்பை வருத்திய பிறகு நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே இது இன்றும் அறியப்படுகிறது. நடுவில் கால் கனத்து, பார்வை மங்கினால் பதற வேண்டாம். நிறுத்தி, ஃபேனடியில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டால் சூடு இறங்க இறங்கச் சரியாகும். புது நரம்புச் சேதம் அல்ல அது.

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடிப்பது இந்த ஊருக்கு ஏற்ற நேரம். செவ்வாய் வெள்ளியோ புதன் சனியோ, எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். வெந்நீர் உடம்பைச் சூடாக்கும், காலில் எண்ணெய், கீழே வழுவழுப்புத் தரை. மூன்றும் ஒன்று சேரும் நாள் அது. குளியலையும் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள்.

களைப்பை அளக்க, பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லச் சொல்வேன். ஆறுக்கு மேல் போனால் அன்றைய பாக்கியை விட்டுவிடலாம். பயிற்சிக்குப் பிந்திய களைப்பு மறுநாள் காலையிலும் இருந்தால், அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும்.

எப்போது நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவது

புதிதாக ஒரு பலவீனமோ, மரத்துப் போவதோ, பார்வைக் குறைவோ வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது ரிலாப்ஸாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி நரம்பியல் டாக்டரிடம் பேசுங்கள். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரி வேஷம் போடும், அதையும் பார்க்கச் சொல்வார்கள். தலையில் அடிபட்டு விழுந்தாலோ, விழுந்த பிறகு இடுப்பில் வலியோடு காலை ஊன்ற முடியாவிட்டாலோ தூக்கி நிறுத்தாமல் 108.

அடிபடாமல் விழுந்தால் எழும் முறையையும் பழகி வையுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முட்டிபோட்டுத் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், அதில் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழுவது. இதை முதலில் நேரில் ஒரு பிசியோ பார்க்கச் செய்ய வேண்டும்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு

நாலு வாரத்துக்கு ஒருமுறை ஐந்தாம் படியின் அளவுகளைத் திரும்ப எடுங்கள். 12 வாரத்தில் நிலைத்துவிட்டால் வீடியோவை மாதம் ஒன்றாகக் குறைக்கலாம், வீட்டுப் பயிற்சியை மட்டும் விடக்கூடாது. விட்டால் சேர்ந்தது கரையும். கல்யாணம், திருவிழா என்று வீடு நிறைந்திருக்கும் வாரங்களில் எழுந்து உட்காருவதும் மூலையில் நிற்பதும் போதும்.

வீடியோ வசதி இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்ந்திருக்கிறது. 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. அடையாள அட்டைக்காக மருத்துவ மதிப்பீட்டுக்குப் போகும்போது, எம்.ஆர்.ஐ. படங்களோடு பெர்க் மதிப்பெண்ணையும் விழுந்ததை எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். அன்றைக்கு நன்றாக நடந்துவிட்டால், மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று காட்ட அந்த நோட்டுதான் கையில் இருக்கும்.